நாய் வலி மாத்திரை விழுங்கிவிட்டால் காலை வரை காத்திருக்கலாமா?

உங்கள் 10 கிலோ நாய் 400 மில்லிகிராம் இபுபுரூஃபன் மாத்திரை மூன்றை விழுங்கி ஒரு மணி நேரம் ஆகியும் இயல்பாகவே ஓடியாடுவதால், காலை வரை பொறுத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பொறுத்திருக்க வேண்டாம். இப்போதே கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கணக்கிட்டால் ஒரு கிலோ எடைக்கு 120 மில்லிகிராம் வருகிறது. இது இரைப்பையில் புண்ணை உண்டாக்குவதோடு சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடிய அளவு. இரத்த வாந்தியோ கறுத்த மலமோ பல மணி நேரம் கழித்தே தென்படலாம் என்பதால், இப்போது அது துள்ளி விளையாடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. வாந்தி எடுக்க வைத்து மருந்தை வெளியேற்றும் வாய்ப்பு பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள்தான் பலன் தரும். அதில் பாதி கடந்துவிட்டது.

வாந்தி எடுக்க வைப்பதை மருத்துவரே செய்யட்டும். வாந்தி வரவழைக்க நீங்களே உப்புக் கரைசல் புகட்டினால் இரத்தத்தில் சோடியம் ஏறி, அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். பாலும் இந்த நஞ்சை முறிக்காது.

கடித்துக் குதறப்பட்ட மாத்திரை அட்டையைத் துண்டுகளோடு கையோடு எடுத்துச் செல்லுங்கள். சில வலி மாத்திரைகளில் இபுபுரூஃபனுடன் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். அப்படியானால் சிகிச்சையே மாறும். அட்டையின் பின்புறத்துச் சிறிய எழுத்துகளைத் தொலைபேசியிலேயே மருத்துவருக்குப் படித்துக் காட்டுங்கள்.