எம்சிபி விழவில்லை என்றால் பயமில்லையா?

கேள்வி: பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறேன். இரவில் 1500 வாட் கெட்டிலில் டீ, நூடுல்ஸ் போட்டுக்கொள்வோம். கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் ஒருமுறைகூட விழுந்ததில்லை. ஆனாலும் வார்டன் கெட்டிலைப் பறித்து அபராதம் கட்டச் சொல்கிறார். இந்த விதியில் அர்த்தம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. எம்சிபி விழாததை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்கிறீர்களே, சிக்கலே அங்கேதான்.

கணக்குப் போடுவோம். 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்ப். மேசையோரம் இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்புக்கானது. அதற்குப் பின்னால் இருப்பது 10 ஆம்ப் எம்சிபி என்றால் அது ஏன் விழப்போகிறது? தர விதிப்படி, 11.3 ஆம்ப் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் அது விழக் கூடாது. சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றத்தான் அதை வைத்திருக்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மெல்லிய ஒயரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

சூடு பிறக்கும் இடம் பெரும்பாலும் சாக்கெட்தான். வருஷக்கணக்காகப் பலர் செருகிப் பிடுங்கியதில் உள்ளேயிருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்திருக்கும். அங்கே அரை ஓம் மின்தடை இருந்தால் போதும், 20 வாட்டுக்கு மேல் சூடு அந்த ஒரு புள்ளியில் இறங்கும். லேபில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான்! ஓடும் கரண்ட் கூடவில்லை என்பதால் எம்சிபி கம்மென்று இருக்கும். பிளக் சுடுவது, சாக்கெட் ஓரம் பழுப்பாவது, தீய்ந்த வாடை, இவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. 16 ஆம்ப் பிளக்கை 6 ஆம்ப் சாக்கெட்டில் செருக ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்களே, அதைக் குப்பையில் போடுங்கள்.

கெட்டிலாவது கொதித்ததும் தானே அணையும். வாட்டர் ஹீட்டர் ராடு அணையாது. கரண்ட் போன நேரத்தில் சுவிட்சை மறந்து வகுப்புக்குப் போய்விடுவீர்கள். கரண்ட் வரும், தண்ணீர் வற்றும், பிளாஸ்டிக் வாளி உருகும். அயர்ன் பாக்ஸ் கதையும் இதேதான். கொசுவத்தியும் கட்டிலுக்கு அடியில் வேண்டாம்.

அதற்காக நிர்வாகம் தடை போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள முடியாது. அப்படிச் செய்தால் கெட்டில் துணி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு கொதிக்கும், அது இன்னும் மோசம். மாடிக்கு ஒரு பொது இடத்தில் 16 ஆம்ப் தனி லைன் போட்டு கெட்டில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நியாயமான கோரிக்கை.

தீ பிடித்தால் முதலில் மெயினை அணையுங்கள். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. புகை சூழ்ந்துவிட்டால் அணைக்கப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டு, குனிந்தபடி படிக்கட்டு வழியே வெளியேறி 101 அல்லது 112க்கு அழையுங்கள். லிஃப்ட் வேண்டாம்.

கெட்டிலைவிட எனக்குக் கவலை தருவது இரவுப் பூட்டு. 2003 நவம்பரில் மாஸ்கோவின் மக்கள் நட்புப் பல்கலைக்கழக விடுதியில் இரவில் தீப்பிடித்து, 40க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் இறந்தார்கள். அவசர வழிகள் பூட்டிக் கிடந்ததாக அப்போது குற்றச்சாட்டு எழுந்தது; பலர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். நம் விடுதிகளில் ஜன்னலுக்கும் கிரில் போட்டிருக்கும். அதனால் அடுத்த முறை வார்டன் சோதனைக்கு வரும்போது நீங்களும் ஒன்று கேளுங்கள்: பின்பக்க கேட்டின் சாவி இரவு 2 மணிக்கு யாரிடம் இருக்கும், அவர் டீ குடிக்கப் போனால் யாரிடம் கொடுத்துவிட்டுப் போவார்?