மழை கொட்டும் ஊரில் குழாய் ஏன் காய்கிறது?

அன்புள்ள அம்மாவுக்கு,

புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்து, சேன்-பெனுவாவில் குடியிருக்கிறேன். 2025 பிப்ரவரியில் கராந்ஸ் புயல் அடித்ததிலிருந்து, பெருமழை என்றாலே எங்கள் பகுதியில் குழாய் நின்றுவிடுகிறது. திரும்ப வரும்போது கலங்கல், இல்லாவிட்டால் ஜாவெல் (பிளீச்) நாற்றம். உலகத்திலேயே அதிகம் மழை கொட்டும் தீவு என்கிறார்கள், குடிக்கத் தண்ணீர் இல்லை! இதில் போன பில் இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கிறது. கட்டாமல் விடலாமா? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. இப்போதெல்லாம் மலைச் சாலை ஓரம் பாறையிலிருந்து கொட்டும் தண்ணீரை கேனில் பிடித்து வந்து குடிக்கிறோம். மருந்து கலக்காத இயற்கைத் தண்ணீர், ருசியும் நன்றாக இருக்கிறது. சரிதானே?

— ஒரு வாசகர், சேன்-பெனுவா

அன்புள்ள தம்பி,

சரியில்லை. பில் கிடக்கட்டும், முதலில் அந்தக் கேனைக் கவிழ்த்துவிடுங்கள். பெற்ற குழந்தைக்குப் பாறைத் தண்ணீரைப் புகட்டிவிட்டு அதை 'இயற்கை' என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்தப் பாறைக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்த்தீர்களா? ஆட்டுப்பட்டி இருக்கலாம், யார் வீட்டுக் கழிவுக்குழியாவது இருக்கலாம். எலி கட்டாயம் இருக்கும். எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் மழைக்காலம்தோறும் தலைகாட்டுகிற நோய். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும்தான் அதற்கு வழி. ருசியாக இருக்கிறது என்கிறீர்கள். ருசியில் இதெல்லாம் தெரியாது.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நானும் இந்த மழையையும் குழாயையும் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மழையைப் பற்றி நீங்கள் எழுதியதில் உண்மை இருக்கிறது. 1966 ஜனவரியில் நம் தீவின் ஃபொக்-ஃபொக்கில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. 2007இல் கமேட் புயலின்போது கொமர்சோனில் மூன்று நாளில் 3,930 மில்லிமீட்டர். இரண்டும் உலகச் சாதனைகள். சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் தம்பி, உங்கள் குழாய் நிற்பதற்குக் காரணமே அந்த மழைதான்.

நம் மலை ஊர்கள் பலவற்றில் ஓடையை மறித்துத்தான் குடிநீர் எடுக்கிறார்கள். பெருமழையில் செங்குத்தான சரிவு அத்தனையும் கரைந்து ஓடைக்கு வருகிறது. மண் கலந்த நீரில் எவ்வளவு குளோரின் போட்டாலும் சரியாக வேலை செய்யாது. மழைக்குத் திண்ணையில் ஒதுங்குகிறவன் மாதிரி கிருமி மண் துகளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும். குளோரினையும் அந்த மண்ணே தின்றுவிடும். அதனால்தான் ஓடை நீரைச் சுத்திகரித்துக் குழாய்க்கு விடும் இடத்தில் கலங்கல் 1 அலகை (NFU என்ற கலங்கல் அளவை) தாண்டக்கூடாது என்று பிரெஞ்சுச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. தாண்டினால் ஓடை வாயை மூட வேண்டும். மூடினால் மேல்தொட்டியில் இருப்பு உள்ளவரை தண்ணீர் வரும், அப்புறம் காற்றுதான் வரும்.

என் மாமனார் சலாசி மலையில் கொம்யூனின், அதாவது ஊராட்சியின், தண்ணீர்க்காரராக இருந்தார். மல்பார் குடும்பம், அதாவது தலைமுறைகளுக்கு முன் இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். வீட்டில் பேச்சு தீவு மொழியான கிரியோலில்தான். அவருக்குத் தெரிந்த தமிழ் மாரியம்மன் பாட்டு மட்டும். நான் காரைக்காலிலிருந்து மருமகளாக வந்த புதிதில், வானம் இருட்டினால் மனிதர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். தீமிதிக்கு விரதம் இருக்கும் நாளிலும் அப்படித்தான். வழுக்கும் பாதையில் ஓடைக்கு ஏறி, கம்பி வலையில் அடைத்த இலையையும் கிளையையும் கையால் அள்ளிப் போட்டுவிட்டு, தண்ணீரின் நிறத்தைப் பார்த்து வால்வை மூடுவார். இன்று பல இடங்களில் கலங்கலைக் கருவியே பார்த்து மூடிவிடுகிறது. அப்போது அவர் கண்தான் கருவி. கீழே ஊரே அவரைத் திட்டும். ரொட்டிக் கடையில் முகத்துக்கு நேரே கேட்பார்கள். அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. அவருக்காக நான் இப்போது சொல்கிறேன்: உங்கள் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரக்கூடாது என்றுதான் அவர் மூடினார்.

மழை இல்லாத நாளிலும் அவருக்கு ஓய்வு கிடையாது. மேல்தொட்டியை வருடத்துக்கு ஒரு முறையாவது காலி செய்து, தேய்த்துக் கழுவி, கிருமி நீக்க வேண்டும், அது சட்டம். தெருக்கோடியில் முட்டி நிற்கும் குழாய்களில் தண்ணீர் தேங்கிக் கெடும், திறந்து ஓட விட வேண்டும். வால்வுகளை அவ்வப்போது திருகிக் கொடுக்காவிட்டால் அவசரத்துக்கு இறுகிக்கொள்ளும். மலையில் 10 மீட்டர் இறங்கினால் குழாயில் 1 பார் அழுத்தம் ஏறும், அதைக் குறைக்கும் வால்வு பழுதானால் அடிவாரத்தில் குழாய் வெடிக்கும். ஊர் தூங்கும் பின்னிரவில் தொட்டியிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார். யாரும் புழங்காத நேரத்தில் இறங்குவது பெரும்பாலும் கசிவுதானே? இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கசிவு எங்கே என்று கேட்டுக்கொண்டே நடப்பார்.

கடைசியில் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, ஒரு மாத்திரை போட்டு, ரோஸ் நிறம் ஏறுகிறதா என்று பார்ப்பார். நிறம் ஏறினால் அந்தத் தெருக்கோடி வரைக்கும் குளோரின் வந்து சேர்ந்திருக்கிறது. நீங்கள் நாற்றம் என்று எழுதியிருப்பது இதைத்தான். தொட்டியிலிருந்து கிளம்பும்போது லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், கடைசி வீட்டில் 0.1 மில்லிகிராம், பிரான்சில் எதிர்பார்க்கும் அளவே இவ்வளவுதான். புயலுக்குப் பிறகு கூட்டிப் போடுவார்கள். போடத்தான் வேண்டும். குழாய் காலியாகிக் கிடக்கும்போது ஓட்டை வழியாக வெளிச் சேறு உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். வாசம் பிடிக்கவில்லையா? ஜாடியில் பிடித்து மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் போய்விடும். கலங்கலாக வந்தால் தெளியும்வரை ஓட விடுங்கள். கொதிக்க வைக்கச் சொல்லி மேரியிலிருந்து (ஊராட்சி அலுவலகத்திலிருந்து) அறிவிப்பு வந்தால் கொதிக்க வையுங்கள்; தண்ணீர் தெளிந்து அறிவிப்பும் நீங்கும்வரை குழந்தைக்குப் பாட்டில் தண்ணீர்தான். பாறைப் பக்கம் இனி போகாதீர்கள், உங்கள் நண்பர்களையும் தடுங்கள்.

கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. வடிகட்டும் நிலையம் இல்லாமல் வெறும் குளோரினை நம்பி ஓடும் குழாய்கள் இந்தத் தீவில் இன்னும் இருக்கின்றன. மேற்குப் பக்கத்து வயல்களுக்காக மலையைக் குடைந்து கிழக்கின் தண்ணீரைக் கொண்டுபோக முடிந்த நமக்கு, ஒரு மலைக் கிராமத்துக்கு வடிகட்டி கட்ட முடியாதா? 2020 ஜனவரி முதல் குடிநீர்ப் பொறுப்பு கொம்யூன்களின் கூட்டமைப்பிடம் இருக்கிறது. அங்கே போய் எங்கள் ஊருக்கு வடிகட்டி எப்போது என்று கேளுங்கள். கூட்டம் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள், நானும் வருகிறேன்.

பில்லைக் கட்டாமல் விடாதீர்கள். இன்று இரவு படுக்கும்போது மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள், காலையில் எழுந்ததும் தண்ணீரைத் தொடுவதற்கு முன் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு உங்கள் பக்கத்தில்தான். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, மீட்டரைத் தாண்டிய குழாயில் கசிந்து, தண்ணீர்ச் செலவு வழக்கமான அளவில் இரு மடங்கைத் தாண்டினால், அந்த இரு மடங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. அதற்கு, தகவல் வந்த ஒரு மாதத்துக்குள் கசிவைச் சரிசெய்ததாகப் பிளம்பரிடம் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். கழிவறைத் தொட்டி ஒழுகினால் இந்தச் சலுகை கிடையாது, அதனால் அதை முதலில் பார்த்துவிடுங்கள்.