புயல் என்று எதைச் சொல்ல வேண்டும்? பலத்த மழைக் காற்றையும் சொல்கிறோம், அரசியல் சண்டையையும் சொல்கிறோமே?

நான் மும்பை சயானில் இருக்கிறேன். இங்கே மழை கொட்டினாலே ஊரிலிருந்து "பம்பாய்ல புயலாமே, பத்திரமா இருக்கியா?" என்று போன் வந்துவிடும். பெரும்பாலும் அது புயலே இல்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்து ஊரே மூழ்கியது. அது பருவமழையின் மேகவெடிப்பு போன்ற கொட்டல். அதே நாளில் இதே மும்பையின் தென்முனையான கொலாபாவில் பெய்தது 73 மி.மீ. சொச்சம்தான். 2024 மே 13 அன்று காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்களே, அது கோடை இடிமேகம் கிளப்பிய புழுதிக் காற்று. சற்று நேரத்தில் வந்து போய்விடும்.

வானிலைக்காரர்கள் புயல் என்பது கடலில் உருவாகிச் சுழலும் காற்றை. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று படிப்படியாக வலுத்து, காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் இந்தியாவில் அதற்குப் புயல் என்று பெயர். 89-ஐத் தாண்டினால் தீவிரப் புயல், 118-ஐத் தாண்டினால் மிகத் தீவிரப் புயல். அந்த வேகம் சுழலுக்குத்தான். புயல் நகர்வது பல நேரம் மணிக்கு 10, 15 கிலோமீட்டர்தான், சைக்கிள் வேகம். ஒரே இடத்தை மணிக்கணக்கில் அடித்து நொறுக்குவது அதனால்தான். "புயல் வேகத்தில் பாய்ந்தார்" என்று எழுதும்போது நாம் எடுத்துக்கொள்வது சுழலின் வேகத்தை மட்டும்.

"புயலுக்குப் பின் அமைதி" என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் அக்கா வீடு வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 நடுராத்திரி கஜா அங்கேதான் கரையைக் கடந்தது. அக்கா சொன்னது: "ஒரு பக்கமா அடிச்சிட்டு இருந்த காத்து பொசுக்குனு நின்னுபோச்சு. விட்டுப்போச்சுன்னு மாமா டார்ச்சை எடுத்துக்கிட்டு மாட்டைப் பாக்கப் போனாங்க. கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கத்துலேருந்து திரும்பி அடிச்சுது பாரு, தென்னை பூரா அப்பதான் சாஞ்சுது." அவர்கள் பார்த்தது புயலின் கண். சுழலின் நடுவில் காற்று அடங்கியிருக்கும். கண் கடந்ததும் எதிர்த்திசைக் காற்று வரும். அந்த அமைதியை நம்பி வெளியே போய் உயிரை விட்டவர்கள் உண்டு.

உருவகத்தில் இரண்டு வகை நம்மிடம் நன்றாக ஊறியிருக்கிறது. ஒன்று புகழ்: இசைப்புயல் ரகுமான், வைகைப்புயல் வடிவேலு, புரட்சிப் புயல் வைகோ. இதில் அழிவு என்ற பொருளே கிடையாது, வேகமும் வீச்சும்தான். இன்னொன்று கொந்தளிப்பு: "அவர் பேச்சு கட்சிக்குள் புயலைக் கிளப்பியது." இரண்டுமே நல்ல தமிழ். ஒரு பிரச்சினை ஓய்ந்ததை "புயல் கரையைக் கடந்தது" என்று எழுதுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கரையைக் கடக்கும் நேரம்தான் உச்சக்கட்டம். அக்கா ஊரில் அதற்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை.

ஆனால் மழைக்கெல்லாம் புயல் என்று பெயர் வைப்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. 2021 மே 17, டவ்தே புயல் மும்பைக்கு மேற்கே, 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கடலிலேயே வடக்கே போனது. கொலாபாவில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. அன்று காலையில் எங்கள் தெரு மாவுக் கடை அண்ணாச்சி, "வருசா வருசம் பாக்குறதுதானே தம்பி" என்று தார்ப்பாய்க்குக் கூடுதல் கயிறு கட்டவில்லை. மதியம் தார்ப்பாயோடு சிமென்ட் ஷீட்டும் பெயர்ந்து எதிர்வீட்டு மாடிப்படியில் கிடந்தது. நல்லவேளை, அடியில் யாரும் இல்லை. அதே புயலில் கடலில் பி-305 என்ற தொழிலாளர் படகு மூழ்கி 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

மும்பையில் இருப்பவர்களுக்கு ஒன்று: அரபிக்கடலில் புயலுக்குரிய காலம் பெரும்பாலும் மே, ஜூன் தொடக்கம், அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூலை, ஆகஸ்டில் "புயல் வருது" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் வானிலை ஆய்வு மைய அறிக்கையில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். மே மாதத்தில் "புயல்" என்ற சொல்லையே அந்த அறிக்கையில் பார்த்தால் அன்றைக்கே கயிற்றைக் கட்டிவிடுங்கள்.