சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போய்த் தொடர்பற்றுப்போன அப்பாவைப் பழைய ஆவணங்களை வைத்துத் தேட முடியுமா?

முடியும். ஆனால் தேடலை இங்கே தொடங்கினாலும் விடை பெரும்பாலும் ஊரில்தான் இருக்கும், அதுவும் நிலப் பத்திரத்தில். குடும்பத்தை மறந்தவர் கடிதம் போட மாட்டார். பூர்வீக நிலத்தில் பங்கு பிரிக்கிறார்கள் என்றால் மட்டும் கையெழுத்துப் போட வந்து நிற்பார்.

பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போவதாக 1968இல் அறிவிப்பு வந்ததும், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். என் அப்பாவும் மறுவருடம் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் போய் இறங்கினார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அம்மாவுக்குக் குடியுரிமை இருந்ததால் நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம்.

முதலில் உங்கள் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் பதிந்தார்கள் என்பது அதில் தெரியும். தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் தேடுவதற்கு அது உதவும். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உள்ளன. அப்பாவுடன் வேலை செய்தவர்களின் மரண அறிவித்தல்களையும் விட்டுவிடாதீர்கள். சொந்த ஊர்க்காரர் யாராவது அகப்படலாம். பழைய கடித உறைகளில் உள்ள அஞ்சல் முத்திரை இதையெல்லாம்விட உறுதியான தடயம்.

கிராமம் தெரிந்துவிட்டால், தாத்தா பெயரிலிருந்த நிலத்தின் சர்வே எண்ணை உறவினர் மூலம் கேட்டு வாங்குங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால், நிலம் யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்று வரிசையாக வரும். அதில் கண்ட பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். பணம் கொடுத்தால் ஆளைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வருகிற தரகர்களுக்கு இந்த அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். அப்பா அதில் திருச்சி முகவரி கொடுத்திருந்தார். அந்த முகவரியை வைத்து மாநகராட்சியின் இறப்புப் பதிவைத் தேடினோம். அவர் பெயர் இருந்தது. தாலுகா அலுவலகம் கொடுத்திருந்த வாரிசுச் சான்றிதழில் இன்னொரு மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் பெயர் இல்லை.

வழக்குப் போடலாம் என்று அண்ணன் கொதித்தார். அம்மாவோ அப்பா இறந்த தேதியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார், திதி கொடுக்க வேண்டுமாம். எனக்கு அதில் இன்றுவரை உடன்பாடில்லை.