சூயஸ் முதல் இராக் வரை: பிரிட்டிஷ் பிரதமர்களைக் கவிழ்த்தது யார்? (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, 1956-ல் எகிப்தின் சூயஸ் கால்வாய்க்காக நடந்த சண்டையில் பிரிட்டன் தோற்கவில்லையே, அப்புறம் ஏன் பிரதமர் ஈடன் பதவி போனது?

களத்தில் தோற்கவில்லை, பணத்தில் தோற்றார்கள். நவம்பர் 5 அன்று பாராசூட் படை இறங்கியது, மறுநாள் கப்பலில் வந்த படை கரையேறியது, அன்று நள்ளிரவே போர்நிறுத்தம். பவுண்டைத் தாங்கிப் பிடிக்க வைத்திருந்த டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது, படையை விலக்கும்வரை பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) உதவி கிடைக்க விடமாட்டேன் என்று அமெரிக்கா நின்றுவிட்டது. நவம்பர் 6 அன்று அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்குத் தேர்தல் வேறு. அந்த நேரம் பார்த்து, அவருக்குச் சொல்லாமலே போருக்குப் போனால் எப்படி இருக்கும்? போருக்கு முதலில் துடித்த நிதியமைச்சர் மேக்மில்லன்தான் முதலில் பின்வாங்கியவரும். 1957 ஜனவரி 9 அன்று உடல்நலத்தைக் காரணம் காட்டி ஈடன் விலகினார். உடம்பு முடியவில்லை என்பதும் பொய்யல்ல, 1953-ல் செய்த பித்தப்பை அறுவை சிகிச்சை தவறாகிப்போய், அதன் பிறகு அடிக்கடி காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார்.

கேள்வி: இஸ்ரேலோடு சேர்ந்து போட்ட சதி என்கிறார்களே சார், எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. இந்த விவகாரத்தில் என்னை இன்றும் உறுத்துவதும் அந்தக் காகிதம்தான். அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிஸுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் ஒரு வீட்டில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்று தரப்பும் ரகசியமாகக் கூடின. வெளியுறவு அமைச்சர் செல்வின் லாயிட் சளி பிடித்திருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு அங்கே போனார். ஏற்பாடு இதுதான்: இஸ்ரேல் எகிப்தைத் தாக்க வேண்டும், உடனே பிரிட்டனும் பிரான்ஸும் சண்டையை விலக்க வருவதுபோல வந்து கால்வாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசி நாளில் அதை எழுத்தில் வைத்து, பிரிட்டன் சார்பில் பேட்ரிக் டீன் என்ற அதிகாரி கையெழுத்தும் போட்டார்.

எழுத்தில் வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஈடன் பதறிப்போனார். மறுநாளே டீனையும் இன்னொரு அதிகாரியையும் பாரிஸுக்குத் திருப்பி அனுப்பி, மற்றப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லிக் கேட்கவைத்தார். பிரெஞ்சு வெளியுறவுத் துறையில் இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். நேரம் போகப்போக, கதவு வெளியே பூட்டியிருப்பது தெரிந்தது. கடைசியில் முடியாது என்ற பதிலோடு திரும்பினார்கள். பிரிட்டனின் பிரதி அழிக்கப்பட்டது. இஸ்ரேல் பிரதமர் பென் குரியன் தன் பிரதியோடு ஊர் போய்ச் சேர்ந்திருந்தார், அதனால்தான் இன்று நாம் அதைப் படிக்க முடிகிறது.

கேள்வி: ஈடனுக்குப் பிறகு மேக்மில்லனைக் கன்சர்வேட்டிவ் கட்சி எப்படித் தேர்ந்தெடுத்தது? ஓட்டெடுப்பு நடந்ததா?

இல்லை. மூத்த அமைச்சர் சால்ஸ்பரி பிரபு மற்ற அமைச்சர்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, ராப் பட்லரா ஹரால்ட் மேக்மில்லனா என்று கேட்டார். அவருக்கு 'ர' வராது, அதனால் அந்தக் கேள்வி "வாபா, ஹவால்டா?" என்றே வரலாற்றில் நின்றுவிட்டது. கன்சர்வேட்டிவ் கட்சியில் தலைவருக்கு முறையான தேர்தல் 1965-ல்தான் வந்தது.

கேள்வி: மூன்று பொதுத்தேர்தல் வென்ற தாட்சரை எப்படி இறக்கினார்கள்? வரி விவகாரம்தானே காரணம்?

ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த உள்ளூர் வரியான தலைவரி மேல் மக்களுக்கு இருந்த கோபம் எம்பிக்களின் தூக்கத்தைக் கெடுத்தது நிஜம். ஆனால் கதவைத் திறந்துவிட்டது ஐரோப்பா. ஐரோப்பாவுக்கு அதிக அதிகாரம் தரும் யோசனைகளுக்கு 1990 அக்டோபர் 30 அன்று அவர் நாடாளுமன்றத்தில் மூன்று முறை "நோ" சொன்னார், இரண்டு நாளில் துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ் விலகினார். ஹவ் மெதுவாகப் பேசும் மனிதர், 1979 அமைச்சரவையிலிருந்து தாட்சரோடு கடைசிவரை மிஞ்சியவர். நவம்பர் 13 அன்று எழுந்து, நம் ஆட்டக்காரர்கள் மட்டையோடு களம் இறங்கினால், ஆட்டத்துக்கு முன்பே கேப்டன் அவற்றை உடைத்து வைத்திருக்கிறார் என்றார். ஒரு வாரத்தில் கட்சித் தலைவர் பதவிக்கு எம்பிக்களிடையே ஓட்டெடுப்பு: தாட்சர் 204, எதிர்த்து நின்ற ஹெசல்டைன் 152. முதல் சுற்றிலேயே வெல்ல, கட்சியின் மொத்த எம்பிக்களில் 15 சதவீதம் முன்னிலை வேண்டும், அதாவது 56 ஓட்டு. கிடைத்தது 52. நாலே நாலு ஓட்டு! அந்த நேரம் அவர் மாநாட்டுக்காகப் பாரிஸில் இருந்தார். திரும்பி வந்ததும் அமைச்சர்கள் ஒவ்வொருவராக வந்து, நான் உங்கள் பக்கம்தான், ஆனால் நீங்கள் ஜெயிக்கமாட்டீர்கள் என்றார்கள். கட்சித் தலைவரான பிறகு மக்கள் அவரை ஒரு பொதுத்தேர்தலிலும் தோற்கடிக்கவில்லை, சொந்தக் கட்சிதான் தோற்கடித்தது.

கேள்வி: அப்படியானால் இராக் போருக்குப் பிறகும் பிளேர் எப்படித் தப்பினார்?

2003 மார்ச் 18 அன்று, போருக்கு எதிரான திருத்தத்துக்கு பிளேரின் தொழிற்கட்சி எம்பிக்களே 139 பேர் ஓட்டுப் போட்டார்கள். எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் ஆதரவு இருந்ததால் போருக்கான தீர்மானம் நிறைவேறியது. தொழிற்கட்சியில் பதவியில் இருக்கும் தலைவரை எதிர்க்க, போட்டிக்கு ஒருவர் எம்பிக்களில் ஐந்தில் ஒரு பங்கின் கையெழுத்தோடு வர வேண்டும். நிதியமைச்சர் பிரவுன் அப்படி வரத் துணியவில்லை. 2006 லெபனான் போரில் உடனடிப் போர்நிறுத்தம் கேட்க பிளேர் மறுத்தபோதுதான் கட்சியின் பொறுமை முறிந்தது. அந்த செப்டம்பரில் இளநிலைப் பொறுப்பில் இருந்தவர்கள் வரிசையாக விலக, ஓராண்டுக்குள் போகிறேன் என்று சொல்லவேண்டியதாயிற்று.

கேள்வி: 1960-களில் பிரதமராக இருந்த வில்சன் வியட்நாமுக்குப் படை அனுப்பினாரா?

அனுப்பவில்லை. அமெரிக்க அதிபர் ஜான்சன் எவ்வளவோ கேட்டும் அனுப்பவில்லை. வாயளவில் ஆதரவு, அவ்வளவுதான். அவர் எடுத்த முடிவுகளிலேயே நல்லது இது என்பேன்.

கேள்வி: சதி பற்றிக் கேட்டவன்தான் சார். ஈடன் அதற்காகத் தண்டிக்கப்பட்டாரா?

இல்லை. 1956 டிசம்பர் 20 அன்று, இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டியே தெரியாது என்று அவையில் நின்று சொன்னார். அது பொய். 1961-ல் பிரபுப் பட்டம் கிடைத்தது. விலை கொடுத்தது அவருடைய இளைய அமைச்சர் ஆண்டனி நட்டிங், 36 வயது. சதிக்கு உடன்பட மாட்டேன் என்று விலகினார். தொகுதிக் கட்சிக்காரர்கள் நெருக்க, எம்பி பதவியும் போனது. ஏன் விலகினார் என்பதை 1967 வரை அவர் முழுதாக வெளியில் சொல்லவில்லை. கால்வாய்ப் பகுதியிலிருந்து பிரிட்டிஷ் படை வெளியேறும் என்று 1954-ல் எகிப்தோடு செய்த ஒப்பந்தத்தில், கெய்ரோவுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.