பாஞ்சாலங்குறிச்சியும் லெகோ கட்டைகளும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நானும் எட்டாவது படிக்கும் என் மகனும் பாஞ்சாலங்குறிச்சிப் போரை லெகோவில் கட்டிக்கொண்டிருக்கிறோம், அவன் பள்ளிக் கண்காட்சிக்காக. படம் இணைத்திருக்கிறேன். சாம்பல் நிறக் கோட்டை. மேலே கட்டபொம்மனும் ஊமைத்துரையும். கீழே சிவப்புச் சட்டை வெள்ளைக்காரர்கள். முன்னால் '1799' என்று அட்டை. வீட்டுக்கு வந்த என் அண்ணன், "தூக்கில் தொங்கினவர் கதையை விளையாட்டுச் சாமானில் செய்வீர்களா?" என்று கோபித்துக்கொண்டார். அவர் சொல்வது சரிதானா? காட்சியில் திருத்த வேண்டியது ஏதாவது உண்டா?

ஆர்., தூத்துக்குடி

அன்புள்ள ஆர்.,

அண்ணனுக்கு முதலில். கொலுப்படியில் காந்தியும் பாரதியும் பொம்மையாக நிற்பதைப் பார்த்து நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். களிமண்ணுக்கு இல்லாத தீட்டு பிளாஸ்டிக்குக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? தாராளமாகக் கட்டுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் காட்சியில் பாதியை நீங்கள் தீர்மானிக்கவில்லை, லெகோ பெட்டி தீர்மானித்திருக்கிறது.

சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வருவது ஐரோப்பியக் கோட்டைக்கான சாம்பல் கல், அதனால் உங்கள் கோட்டையும் கல்கோட்டை ஆகிவிட்டது. நீங்கள் அங்கே போய்ப் பார்த்திருப்பது 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அசல் கோட்டை முழுக்க மண். 1801இல் ஊமைத்துரையோடு நடந்த இரண்டாவது போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக்குறிப்புகளில் அளவே கொடுத்திருக்கிறார்: நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, சுவர் 12 அடி உயரம், சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள். சுற்றி அடர்ந்த முள்வேலி. அகழி கிடையாது.

இதை லெகோ கணக்குக்குக் கொண்டு வருவோம். லெகோ ஆள் 4 சென்டிமீட்டர். அவனை ஐந்தரை அடி ஆளாக வைத்தால் சுவர் உயரம் ஒன்பது கட்டைதான் வரும். உங்கள் படத்தில் எண்ணிப் பார்த்தேன், இருபதைத் தாண்டுகிறது. நீளம் மூன்றரை மீட்டருக்கு மேல், அகலம் இரண்டு மீட்டருக்கு மேல். ஹாலில் சோபாவைத் தூக்கி வெளியே போட வேண்டும். அதனால் முழுக் கோட்டை வேண்டாம். ஒரு கொத்தளம், இரண்டு பக்கமும் கொஞ்சம் சுவர், முன்னால் முள்வேலி, அது போதும். மணல் நிறக் கட்டையும் பழுப்பும் கலந்து கட்டுங்கள். சுவர் உடைந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி கட்டைகளை உருவியிருக்கிறீர்கள். மண் சுவர் அப்படி உடையாது, சரியும். சாய்வுக் கட்டைகளை வைத்துச் சரிவாக இறக்குங்கள். குண்டு பட்டால் கல் தெறிக்கும், இந்த மண்ணோ குண்டை விழுங்கிக்கொண்டது. 1801 மார்ச் 31 அன்று கம்பெனியின் மேஜர் மெக்காலே நடத்திய தாக்குதல் தோற்றது. மே மாதம் கர்னல் அக்னியூ கூடுதல் படையோடும் பெரிய பீரங்கிகளோடும் வந்த பிறகுதான், 24ஆம் தேதி கோட்டை விழுந்தது.

அடுத்தது ஆட்கள். இதுதான் பெரிய விஷயம். லெகோ 1989இல் கடற்கொள்ளையர் வரிசையைக் கொண்டுவந்தபோது கூடவே நீலச் சட்டைச் சிப்பாய்கள் வந்தார்கள். 1992இல் சிவப்புச் சட்டைக்காரர்கள். எல்லோருக்கும் மஞ்சள் முகம். நீங்கள் அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்களை அப்படியே எடுத்து வெள்ளைக்காரர்கள் ஆக்கிவிட்டீர்கள். நம்மவர்களுக்கு மட்டும் பழுப்புத் தலை. பார்க்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனிப் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். மதராஸ் சிப்பாய் போட்டிருந்தது சிவப்புச் சட்டை, அரைக்கால் சட்டை, தலைப்பாகை. அதனால் சிவப்பு உடம்புகளை வைத்துக்கொண்டு தலையையும் காலையும் கழற்றிப் பழுப்பு மாட்டுங்கள். வெள்ளைத் துருப்பும் உண்டு, அவர்களுக்குச் சில மஞ்சள் தலைகளை விட்டுவையுங்கள்.

எட்டயபுரத்து ஆட்களையும் சேர்க்க வேண்டும். அவர்கள் கம்பெனி பக்கம் நின்றவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களுக்குச் சிவப்புச் சட்டை கிடையாது. பாஞ்சாலங்குறிச்சி வீரனுக்கு என்ன பொம்மையோ அதே பொம்மைதான். "அப்பா, இதில் யார் நம்ம ஆள்?" என்று பையன் கேட்பான். கேட்கட்டும்.

அப்புறம் அந்த அட்டை. கட்டபொம்மன் காலத்துக் கோட்டையை 1799 செப்டம்பரில் கம்பெனியின் மேஜர் பானர்மேன் தாக்கினார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தது 1801 பிப்ரவரியில். இடிபட்டுக் கிடந்த கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்துவிட்டது. சுவர் உடைந்து சிப்பாய்கள் உள்ளே நுழைகிற உங்கள் காட்சி 1801 மே மாதத்துக்கு உரியது. அதில் கட்டபொம்மன் நிற்க முடியாது.

பையனுக்கு அவர் கட்டாயம் வேண்டுமென்றால் 1799க்குப் போய்விடுங்கள், ஊமைத்துரையும் அண்ணன் பக்கத்திலேயே இருக்கலாம். அப்போது சிப்பாய்களை விரட்டியடிக்கிற மாதிரிக் கட்ட வேண்டும், அந்தத் தாக்குதலும் தோற்றதுதான்.

என்னைக் கேட்டால் கோட்டையையே விட்டுவிட்டு அதற்கு அடுத்ததைக் கட்டச் சொல்வேன். வெல்ஷே எழுதியிருக்கிறார். கோட்டை விழுந்த பிறகு ஒரு தாய் தன் மகனைத் தேடிப் பிணங்களுக்கு நடுவே வருகிறாள். உயிர் போகிற நிலையில் கிடந்த மகன், என்னை விடு, பக்கத்தில் அடிபட்டுக் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்பது ஊமைத்துரை. வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது அவர் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, பெண்கள் ஒப்பாரி வைத்து, அம்மையில் செத்துவிட்டான் என்று சொல்ல, வந்தவர்கள் பயந்து ஓடிவிடுகிறார்கள்.

இதற்குப் பத்து ஆள் இருந்தால் போதும், ஒரே பேஸ்பிளேட்டில் அடங்கும். லெகோவில் ஒப்பாரி முகம் கிடைப்பது கஷ்டம், பெண்களை முதுகைக் காட்டி உட்கார வையுங்கள். துணிக்குப் பழைய வேட்டியில் ஒரு கிழிசல். அட்டையில் 1801 மே என்று மாற்றிவிடுங்கள். முடித்ததும் படம் அனுப்புங்கள், அண்ணன் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.