நாய்க்குப் பயம் என்றால் 'ஃபார்' வருமா?

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் விளக்கிச் சொல்வது என் வேலை. போன வாரம் தெருவில் நாயைப் பார்த்து, "ஐ யம் அஃப்ரெய்ட் ஃபார் டாக்ஸ்" என்றேன். கூட வந்த அம்மாள், "ஏன், அதற்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். 'அஃப்ரெய்ட்' மாதிரி எந்த அட்ஜெக்டிவுக்குப் பின்னால் 'ஆஃப்', 'ஃபார்' மாதிரி எந்த ப்ரெப்பொசிஷன் வரும் என்பதற்கு விதி உண்டா? 'டிஃபரெண்ட்' சொன்னால் ஒருவர் 'ஃப்ரம்' என்கிறார், ஒருவர் 'டு' என்கிறார், இன்னொருவர் 'தேன்' என்கிறார். எது சரி?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த அம்மாள் கேட்டதில் தப்பில்லை. 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்றால் நாயைக் கண்டு பயம். 'அஃப்ரெய்ட் ஃபார்' என்றால் நாய்க்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். 'நாய்க்குப் பயம்' என்று தமிழில் நினைத்து, அந்த 'க்கு'வை 'ஃபார்' ஆக்கிவிட்டீர்கள். நம்மில் பலரும் தவறுவது இந்த வழியில்தான்.

எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விதி கிடையாது. தமிழிலும் கிடையாதே! அவன் மேல் கோபம் என்கிறோம், கணக்கில் கெட்டி என்கிறோம். கோபத்துக்கு ஏன் 'மேல்' என்று தமிழ் படிக்கிற வெள்ளைக்காரர் கேட்டால் என்ன சொல்வோம்? கோபம் என்ற சொல்லோடு அதுவும் ஒட்டிக்கொண்டே நமக்கு வந்தது. இங்கிலீஷையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 'அஃப்ரெய்ட்' என்று தனியாகப் படிக்காமல் 'அஃப்ரெய்டாஃப்' என்று ஒரே சொல்லாக வாயில் வரட்டும்.

தமிழ் உருபு சில இடங்களில் கைகொடுக்கும். 'ஆத்தங்குடி தரைக்கல்லுக்குப் பேர்போனது' என்பதற்கு 'ஃபேமஸ் ஃபார்' சரியாகவே வரும். ஆனால் 'தேவகோட்டைப் பெண்ணோடு கல்யாணம்' என்பது 'மேரீட் வித்' ஆகாது, 'மேரீட் டு'. வீட்டுக்காரர்களின் குடும்பக் கதை சொல்லும்போது இது அடிக்கடி வரும், கவனம். 'என்னைவிட சீனியர்' என்று நினைத்து 'சீனியர் தேன்' என்பதும் அப்படித்தான். இந்த ஒரு இடத்தில் மட்டும் தைரியமாக ஒரு விதி சொல்லலாம்: சீனியர், ஜூனியர், சுபீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள், நான்குக்கும் 'டு'தான். 'ஓல்டர்' என்றால் வழக்கம்போல 'தேன்'.

அப்புறம், ஒரே அட்ஜெக்டிவ் ப்ரெப்பொசிஷன் மாறினால் வேறு பொருள் தரும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உங்கள் வீட்டில் சமைக்கும் ஆச்சியை விருந்தாளிகளுக்கு அறிமுகம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சமையலில் கைதேர்ந்தவர் என்றால் 'குட் அட் குக்கிங்'. குழந்தைகளோடு நன்றாகப் பழகுவார் என்றால் 'குட் வித் சில்ட்ரன்'. என்னிடம் அன்பாக நடந்துகொள்வார் என்றால் 'குட் டு மீ'. அவர் வைக்கும் மிளகு ரசம் சளிக்கு நல்லது என்றால் 'குட் ஃபார்'. நான்கிலும் 'குட்' ஒன்றுதான், பின்னால் வருவதுதான் விஷயத்தைச் சொல்கிறது. 'குட் அட் குக்' என்று நிறுத்திவிடாதீர்கள். ப்ரெப்பொசிஷனுக்குப் பிறகு வினை வந்தால் 'இங்' சேர வேண்டும்.

பெரிய பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை தினமும் நீங்கள் சொல்கிற வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் நின்று 'ஃபுல் ஆஃப் பில்லர்ஸ்' என்கிறீர்களா, அந்த 'ஆஃப்'பின் அடியில் கோடு போடுங்கள். சந்தேகம் வந்தால் நல்ல அகராதியில் அந்த அட்ஜெக்டிவை எடுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்திலேயே ப்ரெப்பொசிஷன் இருக்கும்.

'டிஃபரெண்ட்' விஷயத்தில் உங்களிடம் தவறே இல்லை. 'டு' சொன்னவர் பிரிட்டன்காரராக இருக்கலாம், 'தேன்' அமெரிக்கர்கள் பேச்சில் சாதாரணம். 'ஃப்ரம்' இரண்டு பக்கமும் செல்லும், அதையே சொல்லுங்கள்.